தினம் ஒரு தப்பு

“விஷயம் தெரிஞ்சா சாபேர். ஆளைத் தெரிஞ்சா கொனோசேர். இப்ப சொல்லுங்க, ‘அந்தம்மாவை எனக்குத் தெரியும்’னு சொல்ல ஸ்பானிஷ்ல எது வரும்?”

“சாபேர்,” என்றார் பூட்டுக்காரர், ஒரு துருப்பிடித்த பூட்டின் வாயில் எண்ணெய் விட்டபடி.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். “பூட்டு இல்லீங்க, ஆளு.”

“நேத்து ‘கேளு’ங்கறதுக்கு ரெண்டு சொன்ன. இன்னிக்கு ‘தெரியும்’கறதுக்கு ரெண்டா? ஒரு கதவுக்கு எதுக்குடி ரெண்டு சாவி? இந்த வயசுல என்னை எந்த நாட்டுக்கு அனுப்பப் போற?”

“எங்கேயும் இல்ல. நீங்க தப்பு விடறதைப் பார்க்கத்தான்.” நோட்டில் ஏதோ குறித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். முதியோர் இல்லத்தில் நர்ஸ்.

அன்று மாலை வீடு திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

பத்தாம் நாள் இல்லத்து மேலாளர் போன் செய்தார். “எட்டாம் ரூம் அம்மாவுக்கு பக்கவாதம் வந்ததுல தாய்மொழி ஸ்பானிஷ் மட்டும்தான் மிஞ்சியிருக்கு. உங்க மிஸஸ்கிட்ட மட்டும்தான் பேசுவாங்க. இப்ப ரெண்டு வாய் பாலோட சரி. இப்படியே போனா தாங்க மாட்டாங்க சார். உங்களுக்குக் கொஞ்சம் வருமாமே?”

பேருந்தில் மனைவியின் நோட்டைப் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம் தேதி போட்டு, அவர் விட்ட தப்புகள். சரியான விடை ஒன்றுகூட இல்லை. இவ்வளவு மக்கா நான் என்று கூச்சமாக இருந்தது. நினைவிலிருந்தே உருப்போட்டார்: ‘என் மனைவியை உங்களுக்குத் தெரியுமில்லையா? அவள் இனி வரமாட்டாள்.’ பூட்டு இல்லை, ஆள். கொனோசேர், கொனோசேர்.

எட்டாம் அறையில் ஆயா சூப் கிண்ணத்தோடு காத்திருந்தாள். கட்டிலில் எலும்பும் தோலுமாக ஓர் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பூட்டுக்காரர் கட்டிலருகே குனிந்தார். முதல் வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். வந்து விழுந்தது சாபேர்தான்.

அந்த அம்மா மெல்லத் திரும்பினார். அவரை உற்றுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்து, சாவி திருப்புவது போல் காற்றில் விரலைத் திருப்பிக் காட்டினார். திறந்த வாயில் ஆயா ஒரு கரண்டி சூப்பை ஊட்டினாள். இறங்கியது. இன்னொன்று. அதுவும்.

கண் முன்னால் மலை நகர்ந்ததுபோல் நின்றார் பூட்டுக்காரர். “நான் யாருன்னு இவங்களுக்கு எப்படி...”

“உங்களைத் தெரியாமலா?” என்றாள் ஆயா. “தட்டு வந்ததும் உங்க வீட்டம்மா அந்த நோட்டை எடுப்பாங்க. எங்க பூட்டுக்காரர் இன்னிக்கு விட்ட தப்பு இதுன்னு படிப்பாங்க. சிரிச்சாத்தான் இவங்க வாய் திறக்கும். ரெண்டு வருஷமா உங்க தப்பைத் தொட்டுக்கிட்டுதான் சாப்பாடே இறங்குச்சு.”

கிண்ணம் காலியான பிறகுதான் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார். அந்த அம்மா வெகுநேரம் அவர் கையை விடவில்லை.

இப்போது அவருக்கு இரண்டு சாவிகளும் அத்துப்படி. ஆனாலும் தினமும் பகல் ஒரு மணிக்கு எட்டாம் அறைக்குப் போய், தப்பானதைத்தான் சொல்கிறார்.