திரும்பத் திரும்ப ஓடிய காட்சி

“மூணாவது எபிசோடுல ஒரு இடம் வருதே சார், மழையில தம்பி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவானே, அதை முக்கால்வாசிப் பேர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்காங்க” என்றாள் ஸ்ட்ரீமிங் கம்பெனியின் பெண் அதிகாரி.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே இயக்குநர் ஒரு சாண் வளர்ந்தார். பக்கத்திலிருந்த மச்சானின் தொடையில் ஒரு தட்டு தட்டினார். தம்பியாக நடித்தவன் அவன்தான். அவர் மனைவியின் தம்பி. அவனுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மாமனார்.

மாமனார் டிவி சீரியல் தயாரிப்பவர். மாப்பிள்ளையும் மகனும் அவரிடம் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்கள். ‘இனிமே டிவி முன்னாடி யார் உட்காரப் போறாங்க’ என்று கிளம்பிப் போய், இந்த ஸ்ட்ரீமிங் கம்பெனிக்கு எட்டு எபிசோடில் ஒரு தொடர் எடுத்தார்கள். மாமனார் தடுக்கவில்லை. கம்பெனி இரண்டாவது சீசன் கொடுத்தால் இனிமேல் வாயே திறப்பதில்லை, கொடுக்காவிட்டால் இருவரும் மறுபேச்சில்லாமல் தன் செட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்தார். முடிவு சொல்லத்தான் இன்று கூப்பிட்டிருந்தார்கள். அதைத் தன் காதால் கேட்க அவரும் காரில் ஏறிக்கொண்டார்.

“திரும்பப் பார்த்தது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? வீடு வீடா எட்டிப் பார்த்தீங்களா?” என்று கேட்டார் மாமனார்.

“யார் எங்க நிறுத்தினாங்க, எங்க பின்னால போனாங்க, எங்க தூங்கிட்டாங்க, எல்லாமே எங்களுக்கு வந்துடும் சார்.”

“அடேயப்பா! நாங்க வாராவாரம் அந்த ரேட்டிங்கை வச்சுக்கிட்டு மாரடிச்சுக்கிட்டிருக்கோம்.”

“அதைத்தானே மாமா நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்” என்றார் இயக்குநர்.

“அந்த இடத்தைப் பத்தித்தான் பேசணும். ஏன் அப்படிப் பார்க்கறாங்கன்னா...”

“ஏன்னு நான் சொல்றேன் மேடம்” என்று இயக்குநர் குறுக்கே புகுந்தார். “அந்தக் காட்சியில நடிகன் முகத்தையே நான் காட்டலை. முதுகைத்தான் காட்டினேன். ஒரு மனுஷன் துக்கத்தை முதுகுல பார்க்கறப்போ என்ன ஒரு ஆழம்! மாமா எடுத்திருந்தா முகத்தை மூணு தடவை காட்டி, மூணு தடவையும் இடி இடிக்க விட்டிருப்பார்.”

“விட்டிருப்பேன்தான். இப்ப ஜனங்க அவங்க கையாலேயே மூணு தடவை ஓட்டிப் பார்க்கறாங்களே, அது மட்டும் ஆழமா?”

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“முதுகு இல்லை அத்தான், குரல்!” என்றான் மச்சான். “அப்பாகிட்ட இருந்தவரைக்கும் தொண்டை கிழியக் கத்தினேன். இதுல அப்படியே அடங்கி, மனசுக்குள்ள பேசற மாதிரி பேசினேன். அதுதான் ஆளை உள்ளே இழுக்குது.”

“அடங்கிப் பேசுன்னு உனக்கு யாரு மச்சான் சொன்னது?”

“நீங்கதான். பேசினது யாரு?”

“மழையும் நிஜ மழை மேடம். தகரக் கூரை மேல கொட்டற சத்தத்தை அங்கேயே அப்படியே பிடிச்சோம். சங்கீதம் மாதிரி இருக்கும்.”

“அப்போ கூரைக்கும் ஒரு சம்பளம் போட்டுக் குடுத்துடுங்க மாப்பிள்ளை” என்றார் மாமனார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார். “இவங்க பெருமை கிடக்கட்டும்மா. ரெண்டாவது சீசன் உண்டா, இல்லையா? இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. இவன் விட்டுட்டுப் போனதுலேர்ந்து எங்க சீரியல்ல கோமாவுல கிடக்கறான். நாளைக்கே எழுப்பியாகணும்.”

மச்சானின் முகத்தில் இருந்த சிரிப்பு சுருங்கியது. இயக்குநர் மேஜைக்கு அடியில் விரல்களைப் பின்னிக்கொண்டார். மறுபடியும் அந்தச் செட்டா? ஒரே சோபா, ஒரே மாடிப்படி, ஒரே அழுகை. இல்லை, கிடைக்கும். முக்கால்வாசிப் பேர் திரும்ப ஓட்டிப் பார்த்த காட்சி என்ன சும்மாவா?

“உண்டு சார். காலையிலேயே கையெழுத்தாயிடுச்சு” என்றாள் அதிகாரி. “பார்க்க ஆரம்பிச்சவங்க பாதியில விடவே இல்லை. எட்டாவது எபிசோடு கடைசி நொடி வரைக்கும் உட்கார்ந்திருக்காங்க. எங்க கம்பெனியில இதுவரைக்கும் எந்தத் தொடருக்கும் இப்படி நடந்ததில்லை.”

மச்சான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அத்தானைக் கட்டிக்கொண்டான். மாமனார் ஒரு நிமிஷம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானும் எழுந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஜெயிச்சுட்டீங்க. வாயே திறக்கலை, போதுமா? ஆனா தொழில் கத்துக்கிட்டது என்கிட்ட. அதை மட்டும் வெளியில சொல்லிக்குவேன்.”

“தாராளமாச் சொல்லிக்குங்க மாமா!” என்றார் இயக்குநர். அதிகாரியிடம் திரும்பினார். “எல்லாத்துக்கும் காரணம் அந்த மழைக் காட்சிதானே மேடம்?”

“அதேதான் சார். அங்க பிடிச்ச பிடியை யாரும் கடைசி வரைக்கும் விடலை. அதனால எங்க மேலிடத்துல ஒரே ஒரு கோரிக்கை வச்சிருக்காங்க.”

“சொல்லுங்க மேடம், எதுவானாலும் செஞ்சுடலாம்.”

“ரெண்டாவது சீசன் முதல் காட்சியிலேயே, அந்தத் தம்பி அன்னிக்கு அண்ணன்கிட்ட அப்படி என்னதான் சொன்னான்னு காதுல விழற மாதிரி சொல்லிடணும் சார். பின்னால எப்பவாவது தெரிஞ்சுடும்னு நம்பித்தான் எட்டு எபிசோடையும் ஜனங்க விடாம பார்த்திருக்காங்க. சப்டைட்டில் எழுதினவரே தலைகீழா நின்னு கேட்டுட்டு, கடைசியில ‘ஏதோ சொல்கிறான்’னு போட்டுட்டாரு.”