ஏழு தலை டிராகனும் விருந்துக்கு அழைத்த எலியும்

ஒரு தியேட்டரில், நாற்காலிகளுக்கு அடியில், கொறிமுத்து என்றோர் எலி குடியிருந்தது. டிராகன் படத்தின் முதல் பாகம் ஓடியபோது ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததில், பாப்கார்ன் பாதி கீழேதான் கொட்டியது. இரண்டாம் பாகத்தில் டிராகனுக்கு ஏழு தலையாம், செலவும் ஏழு மடங்காம்! கொறிமுத்து குஷியாகி, மச்சான் பெருச்சாளியைக் குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்துவிட்டது.

படம் ஆரம்பித்தது. ஏழு தலையும் நெருப்பைக் கக்கின. ஒரு கிரகமே 'டமால்' என்று வெடித்தது. ஜனங்களோ செல்போனை நோண்டிக்கொண்டே, ஒரு பொரிகூடச் சிந்தாமல் தின்று தீர்த்தார்கள்.

"என்ன மாப்ளே, பிள்ளைகுட்டியோட வரச்சொல்லிட்டு வெறும் டமாலைத்தான் பரிமாறுவீரா? இனி உம்ம வாசலை மிதிச்சா கேளும்!" என்று உறுமியது பெருச்சாளி.

மானம் போகிறதே! கொறிமுத்து ஒரே ஓட்டமாக எல்லார் கால்மேலும் ஏறி ஓடியது. "அய்யய்யோ!" என்று தியேட்டரே துள்ளியது. பாப்கார்ன் மழையாய்க் கொட்டியது. பெருச்சாளிக் குடும்பம் பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

வெளியே போகும்போது ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "டிராகனை விடுங்க சார். கால்ல என்னமோ ஊர்ற மாதிரி ஒரு எஃபெக்ட் வச்சிருந்தான் பாருங்க, அதுக்காகவே மூணாம் பாகத்துக்கும் வரலாம்!"