பத்தொன்பதாம் பாடம்

"'என் மூக்கைக் குறித்து எனக்குப் பெருமை. உன் மாமாவின் நாயைக் கண்டு எனக்குப் பயம். அவனுடைய குடைமீது எனக்கு ஆசை.' இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

பர்னபாஸ் அந்த இங்கிலீஷ் கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லிவிட்டு மேசைமேல் வைத்தார். யுத்த காலம். கடல் கடந்து தூத்துக்குடிக்கு வருகிற, போகிற தபாலையெல்லாம் பிரித்துப் படிக்கிற சென்சார் குமாஸ்தா அவர். கொழும்பிலிருந்து இந்த மாதிரி வருவது இது ஆறாவது. உளவாளியின் சங்கேதம்தான் என்று முடிவே கட்டியிருந்தார்.

எதிரே வெள்ளைத் துப்பட்டிக்குள் காயல்பட்டினத்துக் குல்சும். பக்கத்தில் அவள் அண்ணன் வாவு.

"ஒரு அர்த்தமும் இல்ல சார்" என்றாள் குல்சும். "எங்க மாமாகிட்ட நாயே கெடையாது."

"பொறவு?"

"பாடம்."

துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு புத்தகம் வெளியே வந்தது. தமிழில் அர்த்தம் போட்ட இங்கிலீஷ் இலக்கணம்.

விஷயம் இவ்வளவுதான். குல்சுமுக்கும், கொழும்பில் கடை வைத்திருந்த அவள் கணவன் ஜக்கரிய்யாவுக்கும் எழுத வந்தது அரபுத்தமிழ் ஒன்றுதான். தமிழையே அரபு எழுத்தில் எழுதுவார்கள். அதைப் படிக்க இங்கே ஆளில்லை என்று அந்தக் கடிதங்கள் மதராசுக்குப் போய் மூன்று மாதம் படுத்துக் கிடந்தன. இங்கிலீஷ் கடிதமோ நாலாம் நாள் கைக்கு வந்துவிடும். ஆகவே ஆளுக்கொரு புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவன் ஒரு பாடம் எழுதுவான், அடுத்த பாடத்தை இவள் எழுதுவாள்.

"எதை எழுதுனா என்ன சார்? கடுதாசி வந்தா ஆளு ஹயாத்தோட, உசுரோட இருக்காகன்னு தெரியுதுல்லா. எனக்கு அது போதும்."

பர்னபாஸ் பக்கத்தைப் புரட்டினார். 'பிரௌட்' என்றால் 'ஆஃப்' வரும், 'ஆங்ரி' என்றால் 'வித்' வரும். அதற்கும் பின்னால்தான் யாருடையது என்று சொல்ல 'மை'யோ 'யுவர்'ரோ 'ஹிஸ்'ஸோ வரும். கோடிட்ட இடத்தை நிரப்புக. ஜக்கரிய்யா கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருந்தான். பெருமைக்கு 'வித்', கோபத்துக்கு 'ஆஃப்'.

"இந்த ஆளு உளவாளியா இருக்க வழியே இல்ல. ஒரு எடத்துலயாவது சரியா வரணுமே" என்றார் பர்னபாஸ்.

"எம் மச்சான் யாவாரத்துலயும் அப்படித்தான்" என்றான் வாவு.

"சும்மா கெடங்க காக்கா" என்று அண்ணனை அடக்கினாள் குல்சும்.

அதன் பிறகு அந்தக் கடிதங்களுக்காகப் பர்னபாஸே காத்திருக்கத் தொடங்கினார். இடப்பக்கம் சாய்ந்த ஜக்கரிய்யாவின் எழுத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். பிழைகளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, 'ஆட்சேபமில்லை' என்று முத்திரை குத்துவார்.

பதினெட்டாம் பாடத்தோடு கடிதம் நின்றுபோயிற்று.

செவ்வாய்க்கிழமை தோறும் வாவு ஜன்னலில் வந்து நின்றான். "அண்ணாச்சி, கடுதாசி உண்டுமா?"

"இல்லப்பா."

"அவ சோறு திங்க மாட்டேங்கா, அண்ணாச்சி. கடல்ல கப்பலு முங்குதுன்னு ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதான்."

ஏழு செவ்வாய் அப்படிப் போயிற்று. எட்டாவது செவ்வாய் வாவு வரவில்லை. ஒன்பதாவதும் வரவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்து, அந்தப் பெண் நம்பிக்கையையே விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார் பர்னபாஸ். அன்று மத்தியானம் அவருக்கும் சோறு இறங்கவில்லை.

அதே இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து கதவைச் சாத்தினார். பேனாவை எடுத்தார். எழுத்தை இடப்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பத்தொன்பதாம் பாடத்தை எழுதினார். பிடிபட்டால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. அதற்கெல்லாம் துணிந்தவருக்கு, 'பிரௌட்' என்று எழுதி அதன் பக்கத்தில் 'வித்' என்று போடத்தான் கை லேசில் வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் இங்கிலீஷில் ஒரு பிழை விடாத கை.

வேறொரு உறையில் முத்திரை விழாமல் தப்பியிருந்த சிலோன் தபால்தலையை ஈரத்துணி வைத்துப் பெயர்த்து ஒட்டினார். பிறகு சட்டப்படி, தான் எழுதிய கடிதத்தைத் தானே கத்தரித்து, தானே படித்து, ஆட்சேபமில்லை என்று முத்திரை குத்தி, சீட்டு ஒட்டிப் பையில் போட்டார்.

அடுத்த வாரம் கொழும்புக்குப் போகிற பையில் ஜக்கரிய்யா பேருக்கு ஓர் உறை இருந்தது. காயல்பட்டினம் முத்திரை. இருபதாம் பாடம்! பிள்ளை சோறு தின்றுவிட்டாள் என்று பர்னபாஸ் மனசுக்குள் சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார்.

உள்ளே குல்சுமின் உருண்டை எழுத்து இல்லை. இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. 'உறையைப் பிரிக்கிறவருக்கு' என்று தொடங்கி, புத்தகத்தில் எந்தப் பாடத்திலும் இல்லாத வரிகள்.

'உங்கள் பிழைகளைக் குறித்து எனக்குப் பெருமை. உங்கள் கடிதத்துக்காக என் மனைவிக்கு உங்கள்மீது நன்றி.'

வழக்கம்போல இங்கிலீஷில் வரிக்கு ஒரு தப்பு. மூன்றாவது வரியில் மட்டும் ஒரு தப்பும் இல்லை.

'இருபது நாளாக நான் என் வீட்டில் இருக்கிறேன்.'