ஏழாவது ஸ்லைடு

"டேய் நெட்டை, என்னடா இது? 'எங்கள் குழு'ன்னு போட்டுட்டு உன் மூஞ்சி மட்டும் இருக்கு?"

முதலீட்டாளரின் அறைக்கு வெளியே உட்கார்ந்து, கடைசி முறையாக ஸ்லைடுகளைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த சோடாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன தடவை வரை ஏழாவது ஸ்லைடில் இரண்டு போட்டோ இருந்தது.

நெட்டை லேப்டாப்பை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இடம் பத்தலடா."

"இடம் பத்தலையா! உன் மூஞ்சிக்குப் பக்கத்துல பந்தடிச்சே விளையாடலாம் போல இருக்கு!"

நெட்டை லேப்டாப்பை மூடிவிட்டான்.

சோடாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ஹாஸ்டல் காலத்துச் சிநேகிதம். அங்கே வைத்த பட்டப்பெயர்கள்தான் இன்றைக்கும். டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கலாம், உங்கள் முறை வரும்போது போன் கூப்பிடும். அதுதான் இருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் ஆப். அதை ஒரு வரி விடாமல் எழுதியவன் சோடா. அதை வாய் கிழியப் பேசி விற்பவன் நெட்டை.

பணம் போடச் சொல்லி எத்தனையோ பேரிடம் பேசியாகிவிட்டது. எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். இவர்தான் கடைசி. இவரும் இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்தா இப்படிக் கழுத்தறுப்பு?

சோடா மட்டும் சுத்த யோக்கியன் என்று சொல்லிவிட முடியாது. போன மாதம் ஒரு பெரிய கம்பெனிக்குத் திருட்டுத்தனமாக இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்திருந்தான். மனைவிக்கு நிறைமாதம். "நம்ம கம்பெனி, நம்ம கம்பெனிங்கறீங்களே, பொறக்கப் போற புள்ளைக்கு அதைக் கரைச்சா ஊத்தறது?" என்று அவள் கேட்டபிறகு போகாமல் என்ன செய்வான், பாவம்!

அங்கே, இப்போது வேலை பார்க்கும் இடத்தின் போன் நம்பர் கேட்டார்கள். ஆபீஸ் நம்பரையே கொடுத்துவிட்டான். அந்த போன் எப்போதும் இவன் மேஜையில்தான் கிடக்கும். யாராவது விசாரித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் குரலில் தானே பேசிவிடலாம் என்று திட்டம். ஆனால் அவன் இருந்தவரை அப்படி எந்த போனும் வரவில்லை. நெட்டையிடம் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை. கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

நெட்டை பேசினான். வழக்கமாகச் சிங்கம் மாதிரி கர்ஜிப்பவன், இன்று ஏனோ ஒப்பிப்பதுபோல் பேசினான். ஏழாவது ஸ்லைடு வந்ததும் முதலீட்டாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆப் நல்லா இருக்கு. யார் எழுதினது?"

"இவர்தான் சார்."

"அப்ப இவர் ஏன் குழுவுல இல்லை?"

"வெளியிலேர்ந்து உதவி பண்றார் சார்."

வெளியிலிருந்தா! சோடாவுக்குக் காது சுட்டது.

"தம்பி, ஒத்தை ஆளை நம்பி நான் பணம் போடறதில்லை. இவரும் குழுவுல சேர்ந்து, அஞ்சு வருஷத்துக்கு விட்டுப் போக மாட்டோம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, இப்பவே பேசலாம்." அவர் சோடா பக்கம் திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

சோடா வாயைத் திறந்தான். அஞ்சு வருஷம். அந்த வேலை கிடைத்தால்? ஆப் போண்டியானால்? மனைவியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. சரி என்றும் வரவில்லை, முடியாது என்றும் வரவில்லை.

"அவரை விட்டுடுங்க சார்" என்றான் நெட்டை.

"அப்ப என்னையும் விட்டுடுங்க" என்று முதலீட்டாளர் எழுந்துவிட்டார்.

அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது.

படிக்கட்டில் சோடா பொரிந்து தள்ளினான். "இப்ப குளிர்ந்துதா உனக்கு? மொத்தத்தையும் ஒத்தையா முழுங்கப் பார்த்தே. ஒண்ணுமில்லாமப் போச்சு பார்! என் போட்டோ இருந்திருந்தா இன்னைக்குப் பணம் வந்திருக்கும்டா!"

"வந்திருக்கும்" என்றான் நெட்டை. "வீட்டுக்குப் போடா. தங்கச்சி தனியா இருக்கும். ஆபீஸை நான் காலி பண்ணிக்கறேன்."

"போடா, துரோகி! இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதே!"

நெட்டை திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான். முதுகுப் பக்கம் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

சோடா படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. அப்போது அவன் போன் அடித்தது. அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து ஒரு பெண்.

"வாழ்த்துகள் சார்! வேலை உங்களுக்குத்தான். அடுத்த வாரமே வந்து சேர்ந்துடுங்க."

சோடாவுக்கு நம்பவே முடியவில்லை. "மேடம்... என் ஆபீஸ்ல நீங்க எதுவும் விசாரிக்கலையே?"

"வெள்ளிக்கிழமையே விசாரிச்சாச்சே."

வெள்ளிக்கிழமை அவன் மனைவியை ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தான்.

"யார்... யார் எடுத்தாங்க?"

"உங்க பார்ட்னர்தான் சார். 'அவனை மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டான், கண்ணை மூடிட்டு எடுத்துக்கோங்க'ன்னார். வேற எங்கேயும் பார்ட்னரா இருக்கறவங்களை நாங்க எடுக்க முடியாதேன்னு சொன்னேன். அப்புறம் சொன்னார்: 'அவன் வீட்டுல குழந்தை பொறக்கப் போகுது, மாசாமாசம் சம்பளம் வேணும். என் மூஞ்சியைப் பார்த்து அவனால சொல்ல முடியாது. நானே கம்பெனியிலேர்ந்து அவன் பேரை எடுத்துடறேன்'னு."