நடுவில் ஒரு பலகைச்சுவர்

"அவன் பேரு இருக்கிற தாள்ல என் கையெழுத்து விழாது. காபியைக் குடிச்சுட்டுக் கிளம்புங்கம்மா."

அலோயிஸ் தாளைத் தள்ளிவிட்டார். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்திலிருந்து வால்புர்கா இந்தப் பவேரிய மலைக்கு ஏறி வருவது இது மூன்றாவது முறை.

முந்நூறு வருஷத்து மரவீடு. கீழே மாடுகள், மேலே மனிதர்கள் என்று ஏழு தலைமுறை வாழ்ந்த பண்ணை. அப்பா இறந்ததும் அலோயிஸும் தம்பியும் நடுவில் பலகைச்சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். குளிர்காயும் கணப்பு அண்ணன் பக்கம் போனதில் தம்பி லோரென்ஸுக்குக் கோபம். பத்தொன்பது வருஷமாகப் பேச்சில்லை.

"கூரை உளுத்துப் போச்சு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா நாங்களே சரிபண்ணி வீட்டைக் காப்பாத்திடுவோம். இல்லேன்னா இந்தப் பனிக்கே விழுந்துடும்."

"அவனோட சேர்ந்து எனக்கு ஒரு காரியமும் கிடையாது."

வால்புர்கா நிதானமாகப் பேனாவை மூடினாள். "சரி, விடுங்க. உங்க தம்பிக்கும் இதுல இஷ்டமில்லை."

"ஏனாம்?"

"வீடு விழுந்தா நல்லதாம். உத்தரத்தையெல்லாம் விறகுக்கு வித்துட்டு டவுனுக்குப் போயிடுவாராம்."

அலோயிஸின் முகம் சிவந்தது. "விறகுக்கா? பூட்டன் கையால செதுக்கின உத்தரத்தையா? அது கீழேதான்மா அந்தப் பய பொறந்தான்! குடுங்க பேனாவை!"

தாள் கிழிந்துவிடும் போல அழுத்திக் கையெழுத்துப் போட்டார். "போய்க் காட்டுங்க அவன்கிட்ட."

"காட்டறேன்" என்று அவள் மறுபக்கத்து வாசலுக்குப் போனாள்.

அலோயிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பைப்பில் புகையிலையை அடைத்தார், கொட்டினார், மறுபடி அடைத்தார். கார் கிளம்பும் சத்தம் கேட்டதும், தம்பியை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கதவைத் திறந்துகொண்டு முற்றத்தில் இறங்கினார்.

எதிரே லோரென்ஸ், செருப்புக்கூடப் போடாமல் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏன்ணா, உத்தரத்தை விறகுக்கு வித்துட்டு டவுனுக்குப் போறியாமே? வெக்கமா இல்ல?"

"நானா? நீதானேடா போறேன்னியாம்!"

இருவரும் ஒரே நேரத்தில் பாதையைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு கையெழுத்தும் விழுந்த தாளோடு வால்புர்காவின் கார் அவசரமில்லாமல் மலையிறங்கிக்கொண்டிருந்தது.