திரும்பி வராத எழுத்து

திரையின் அடியில், வரிக்கு மூன்றாகக் கேள்விக்குறிகள் வரிசைகட்டி நின்றன. மருமகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பின்னால் நாற்காலியில் மாமியார் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தார்.

மாமியாரின் சின்னவன் போய் ஒரு மாதம் ஆகப் போகிறது. மூச்சிளைப்புக்காரன். வேலை பார்த்த ஊரில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தான். கதவை உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள்.

கையில் ஃபோன் இருந்தது என்று அந்த வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைப்பில்லை. கடைசியாகப் பிள்ளை என்ன எழுதினான், யாருக்கு எழுதினான்? அந்த ஃபோனைத் திறக்கும் எண் அவனோடு போய்விட்டது. அவன் எழுதுவதென்றால் அக்காவுக்குத்தான் எழுதுவான். அவளுடைய ஃபோனோ சாவுச் செய்தி வந்த அமளியில் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போயிருந்தது.

அவள் செய்திகளின் நகல் ஒன்று வீட்டுக் கணினியில் தானாகவே சேர்ந்துகொண்டிருந்தது மருமகனுக்கு நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. அவருக்குப் பிழைப்பே புரோகிராம் எழுதுவது. விட்டுடுங்க, போனவன் எழுதினதைத் தோண்டி என்ன ஆகப்போகுது என்றாள் மனைவி. தம்பியை இழந்தவளின் துக்கம் அப்படிப் பேசுகிறது என்று நினைத்தார்.

நகலைத் திறந்தபோது ஒரு வரிகூடத் தமிழாக இல்லை. கொம்பும் வாலும் முளைத்த அந்நிய எழுத்துகள் பக்கம் பக்கமாகக் கொட்டின. எழுதிவைத்த முறை ஒன்று, படிக்கிற முறை வேறு. அதனால் வந்த குழப்பம்தான், சரிசெய்துவிடலாம் என்று மாமியாருக்குச் சொன்னார். சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி ஓட்டினார். குப்பையாகக் கிடந்ததெல்லாம் கண்ணெதிரே தமிழாக மாறியது.

மாமியார் எழுந்து வந்து, திரையில் விரல் வைத்துப் படித்தார். அக்காவும் தம்பியும் மாதக்கணக்கில் சண்டை போட்டிருந்தார்கள். கொஞ்ச நாள் நீ அம்மாவை வைத்துக்கொள் என்று இவள். செங்குத்தான படி, அம்மாவால் ஏற முடியாது என்று அவன். நான்தான் உங்க ரெண்டு பேருக்கும் பாரமா இருந்திருக்கேன் என்றார் மாமியார், கோபமே இல்லாமல். வாசற்படியில் துணி மடித்துக்கொண்டிருந்த மகள் தலை நிமிரவில்லை.

"அக்கா, வீட்டுல இருக்கியா" என்பது படிக்க முடிந்த கடைசி வரி. அதற்குக் கீழே எல்லாம் கேள்விக்குறி.

மருமகன் தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் போட்டுப் பார்த்தார். எழுத்துகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் வெறும் எண்களையும் பார்த்தார். மற்ற வரிகளில் தமிழுக்கு உரிய எண்கள் இருந்தன. இவற்றில் இருந்தது கேள்விக்குறிக்கு உரிய எண் மட்டும்தான்.

அப்படியென்றால் கதை முடிந்தது. சில நேரம் இயந்திரம் தனக்குப் புரியாத எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். எறிந்தது எங்கேயும் இருக்காது. எத்தனை கெட்டிக்காரன் வந்தாலும் எடுத்துத் தர முடியாது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அத்தை, இது வராது என்று மட்டும் சொன்னார்.

மாமியார் வெகுநேரம் அந்த வரிகளையே பார்த்தார். "எல்லாமே மூணு மூணா இருக்கே மாப்பிள்ளை. அது ஏன்?"

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் சொன்னார். தமிழில் ஒரு எழுத்தை இயந்திரம் மூன்று துண்டாக வைத்துக்கொள்ளும். துண்டுக்கு ஒரு கேள்விக்குறி விழுந்திருந்தால், மூன்றும் சேர்ந்து ஒரு எழுத்தாக இருக்கலாம்.

"அப்ப ஒரே எழுத்தத்தான் திரும்பத் திரும்ப அடிச்சிருக்கான்."

இருக்கலாம் என்றார். மாமியாரின் முகம் மாறுவதைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"‘அ’வாத்தான் இருக்கும். அம்மான்னு அடிக்க வந்திருப்பான். மூச்சு முட்டுறப்ப முழுசா அடிக்க முடியுமா?" ஒவ்வொரு வரியாகத் தொட்டார் மாமியார். "இத்தனை தடவை கூப்பிட்டிருக்கான்."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளறைக்குப் போனார். பிள்ளை போன நாளிலிருந்து பகலில் படுக்கைப் பக்கமே போகாதவர், சுவரோரம் திரும்பிப் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனார்.

மருமகன் கணினியை மூடவில்லை. நாளைக்கு ஆபீஸில் ஒருவரிடம் காட்டிப் பார்க்கலாம், எந்த இடத்தில் எழுத்து உடைந்தது என்று தெரிந்தால் ஏதாவது வழி பிறக்கும் என்று மனைவியிடம் சொன்னார். ஒரு எழுத்துக்கே உங்க அம்மா இப்படித் தூங்குறாங்க என்றார்.

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் நின்றாள். திரையை அவள் பார்க்கவில்லை.

"எதுவும் உடையலங்க. நான் பதில் போடலைன்னு அவன் கேள்விக்குறியாவேதான் அனுப்பிட்டிருந்தான். ஒவ்வொண்ணா பார்த்துட்டு, ஃபோனக் கவுத்து வச்சுட்டேன்."