பெயர் போன பூச்சி

இரண்டாம் முறையும் மரம் அப்படியேதான் வந்தது.

அவள் திரையருகே குனிந்து பார்த்தாள். ஒரே காம்பில் இரண்டு பெயர்கள். நடுவே மயிரிழை இடைவெளிகூட இல்லை.

முதல் முறை, ஏதோ கலந்துவிட்டது என்று நினைத்தாள். அதே இரண்டு வகைகளில் வேறு பூச்சிகளின் கால்களை எடுத்து, மைட்டோகாண்ட்ரியாவின் மரபெழுத்துகளை ஆதியிலிருந்து படித்தாள். தாய்வழியே மட்டும் இறங்கி வரும் எழுத்துகள் அவை.

கலக்கவில்லை. இரண்டும் ஒன்றேதான்.

வேதநாயகி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

அவள் வரைந்துகொண்டிருந்தது ரம்ப ஈக்களின் வம்ச மரம். பெயரில்தான் ஈ. உண்மையில் இடுப்பு சிறுக்காத குளவிகள். பெண் பூச்சி தன் வயிற்றடி ரம்பத்தால் இலையை அறுத்து, உள்ளே முட்டை வைக்கும்.

காம்பிலிருந்த பெயர்களில் ஒன்று அவள் வைத்தது. மற்றது அவள் கணவர் செங்கோட்டுவேல் வைத்தது.

இரண்டும் கல்யாணத்துக்கு முந்தியவை.

அவளுக்கு ஒரு மலையில் கிடைத்தது மஞ்சள் பூச்சி. எல்லாம் பெண். அவருக்கு வேறு மலையில் கிடைத்தது கறுப்பு. எல்லாம் ஆண். இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று அவள் எழுதினாள். ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அவர் எழுதினார். அந்தச் சண்டையில்தான் அறிமுகமே.

இப்போது பார்த்தால், அவளுடைய பூச்சியின் ஆண்தான் அவருடையது.

ஓர் இனத்துக்கு ஒரு பெயர்தான். முதலில் அச்சில் வந்தது நிற்கும். மற்றது போகும்.

முதலில் வந்தது அவளுடையது.

போகப்போவது பாவாயி. அவருடைய அம்மாவின் பெயர்.

அடுத்த அறையில் அவர் பூச்சிகளைப் பெட்டியில் ஊசியால் குத்திவைத்துக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டாள். சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் வந்தார்.

திரையை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

பிறகு சிரித்தார்.

"நெருங்கின சொந்தம்னு நீ அப்பவே சொன்னயே. இவ்வளவு நெருக்கம்னு சொல்லலியே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தையிடம் யார் சொல்வது என்று கேட்டாள்.

அதில் என்ன இருக்கிறது என்றார் அவர். அம்மா கேட்டால் சர்க்கரை கொடுப்பாள். பெயர் வைத்த செய்தியைச் சொல்லப் போன நாளில், வெள்ளாமையைத் தின்னும் பூச்சிக்கா என் பெயர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள். முள்ளங்கித் தழையைச் சல்லடையாக்கும் சனியன் அது. அதுவும் ஆண் பூச்சி. ஒரு பொங்கல் முழுக்க அவரிடம் பேசவில்லை.

அவரே ஊருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைத்தார்.

"அம்மா, அந்தப் பூச்சிக்கு உம் பேரு இனி இல்ல. எடுத்தாச்சு."

மறுமுனையில் மாடு கத்தியது. யாரோ வாளியை வைத்தார்கள்.

"ஏஞ்சாமி எடுத்தீங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

அவர் போனை இன்னும் பக்கத்தில் இழுத்தார்.

"சொசைட்டிக்குப் பால் ஊத்த வர்றவங்ககிட்டெல்லாம் சொல்லி வெச்சிருக்கனே" என்றாள் பாவாயி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் இனம், விதி, முந்தி வந்த பெயர் என்று என்னவோ விளக்கத் தொடங்கினார். மறுமுனை உம் கொட்டியது.

வேதநாயகி திரைக்குத் திரும்பினாள். மரத்தைக் கீழே நகர்த்தினாள்.

கடைசியில், எதனோடும் ஒட்டாமல், நீளமாக ஒரு கிளை தனியே ஓடியிருந்தது. போன மழைக்கு, ஓடைக்கரையில் பெரணிச் செடியின் இலையை அறுத்து முட்டை வைக்கையில் அவள் பிடித்த பூச்சி. பெண். இதுவரை யாரும் பார்த்திராத இனம் என்று மரபெழுத்துகள் சொல்லின. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் எண் இருந்தது.

அவள் கை நீட்டிக் கணவரிடமிருந்து போனை வாங்கினாள்.

"அத்தை, நம்ம பக்கத்துல யாராச்சும் பெரணி வெள்ளாமை பண்றாங்களா?"